சாணமும் சொத்துரிமையும்

சாணம் என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிப்பவர்கள் கற்றோரிடையே பலர். தோட்டத்திலும் வயலிலும் உழைப்பவர்கள் அவ்வாறு சுளிப்பதில்லை. பட்டி அடைத்து நிலத்துக்கு எருவூட்டுபவனுக்கும், முற்றத்தை மெழுகுபவளுக்கும், வரட்டி தட்டி அடுப்பெரிப்பவளுக்கும் அது பயனுள்ள ஒரு பொருள்; உழைப்பினாற் சேர்க்கப்படும் பொருள். அதனைக் ‘கழிவு’ என்று அழைக்கத் தொடங்கியவர்கள் அதனைக் கையாலே தொடாதவர்களே. ஒரு பொருளைக் கழிவு என்று சொல்பவர் யார், சொன்ன பின்னர் அது யார் கைக்குப் போய்ச் சேர்கின்றது என்பவை அறவியலும் பொருளியலும் சந்திக்கும் இடத்திலே பிறக்கும் கேள்விகளாகும்.

இக்கேள்விகளை இன்று மீண்டும் எழுப்ப வேண்டிய நிலையை விஞ்ஞானம் ஏற்படுத்தியுள்ளது. கால்நடைகளின் சாணத்திலும் எருக் குவியல்களிலும் வாழும் பற்றீரியாக்களுள் வைக்கோலையும் உமியையும் வெல்லமாக உடைக்க வல்லவை உண்டு. அவற்றின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதையும், அதாவது இன்று ஜீனோம் என வழங்கப்படுவதை, எழுத்தெழுத்தாக வாசித்துப் பொதுக் களஞ்சியங்களிற் சேர்க்கும் வேலை கடந்த இருபது ஆண்டுகளாக விரைந்து நடைபெற்று வருகின்றது. அவ்வாறு வாசிக்கப்பட்ட எழுத்துக்கள் யாருக்கு உரியவை? வாசித்தவருக்கா? உலகத்தார் எல்லோருக்குமா? அன்றேல் அச்சாணம் விழுந்த மண்ணில் வாழ்வோருக்கா?

விடை காணப் புகுமுன் விஞ்ஞான உண்மைகளைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1838 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு இரசாயனவியலாளரான அன்செல்ம் பாயென் தாவரக் கலங்களின் சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து இனங்கண்டார். அதுவே செலுலோசு. உயிர்கள் ஆக்கும் பொருள்களுள் இப்பூமியில் மிக அதிகமாகக் காணப்படுவது அதுவே எனலாம். சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் குளுக்கோசு என்னும் ஒரே வெல்லத்தின் சங்கிலிகள். கண்ணிகள் கோக்கப்பட்டிருக்கும் முறை மட்டுமே வேறு. அச்சிறு வேற்றுமையினால் மாப்பொருள் நமக்கு உணவாகின்றது, செலுலோசு ஆவதில்லை. பட்டினியாற் சாகின்றவன் வைக்கோற்போரிலே சாய்ந்து கிடந்தாலும் பட்டினியாலேயே சாவான். அவன் முதுகின் கீழே கிடப்பது குளுக்கோசு மலை. அதைத் திறக்கும் சாவி அவனிடம் இல்லை.

மாட்டிடம் மட்டும் அச்சாவி உண்டா? உண்மையில் மாட்டிடமும் இல்லை. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையிலே, ஒரு மில்லிலீற்றர் நீரில் ஆயிரம் கோடிக்கு மேலான நுண்ணங்கிகள் குடியிருக்கின்றன. அவையே செலுலோசை உடைக்கின்றன. மாடு அவ்வுழைப்பின் பயனை உண்டு வாழ்கின்றது. ஒட்சிசன் பட்டால் மடிந்துபோகும் இவ்வுயிர்களைச் சோதனைக் குழாயில் வளர்ப்பதற்கான முறையை வகுத்தவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளரான றொபேட் ஹங்கேற். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையையும் அதில் வாழும் நுண்ணங்கிகளையும் பற்றி 1966 இல் அவர் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படையாக அமைந்தது.

இரைப்பையிலே தொடங்கும் வேலை சாணத்திலும் எருக் குவியலிலும் தொடர்கின்றது. நன்றாக அடுக்கிய எருக் குவியலுக்குள்ளே கையை விட்டவர்களுக்கு அதன் வெப்பம் தெரியும். ஏறத்தாழ அறுபது பாகை வெப்பத்திலே செழித்து வளரும் குளொஸ்ரிடியம் தேர்மோசெல்லம் என்னும் பற்றீரியாவை 1926 இல் வில்யோன், பிரெட், பீற்றர்சன் என்னும் மூவர் விவரித்தனர். 1983 இல் றபாயெல் லாமெட், எட்வேட் பேயர் முதலியோர் அதன் வேலைமுறையை விளக்கினர். இப்பற்றீரியா தன் நொதியங்களைத் தனித்தனியே சிதறவிடுவதில்லை. ஒரு நீண்ட புரதச் சட்டத்திலே ஒன்பது இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் ஒரு நொதியம் பொருந்திக்கொள்ள, யாவும் சேர்ந்து ஒரே இழையைத் தாக்குகின்றன. ஏறத்தாழ முப்பத்தெட்டு இலட்சம் எழுத்துக்கள் கொண்ட அதன் ஜீனோம் பின்னர் முழுமையாக வாசிக்கப்பட்டது. யப்பானிய ஆய்வாளர் மாட்டெருவிலிருந்து பிரித்தெடுத்த ஹேர்பிவோராக்ஸ் சாக்கின்கோலா என்னும் இனத்தின் ஜீனோமும் இவ்வாறே வாசிக்கப்பட்டுள்ளது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை அவசியம். நொதியங்களின் கூட்டுவேலையைக் கண்டு, இயற்கையே கூட்டுறவைப் போதிக்கின்றது என்று நாம் பூரித்துவிடலாகாது. போட்டியே இயற்கையின் விதி என்று கூறி ஏழைகளின் துன்பத்தை நியாயப்படுத்திய சென்ற நூற்றாண்டுகளின் சமூக டார்வினியவாதிகள் செய்த தவறும் இதுவே. பற்றீரியாவிடம் அறமும் இல்லை, மறமும் இல்லை. அறம் மனிதரிடையே உள்ள உறவுகளில் எழுவது. ஆகவே நமது கேள்வி பற்றீரியாவின் நடத்தையைப் பற்றியதன்று. அதனை வாசிக்கும் மனிதரின் நடத்தையைப் பற்றியது.

வாசிப்பு என்பது இங்கு என்ன மாற்றத்தைச் செய்துள்ளது? முன்னர் ஒரு நுண்ணங்கியைப் பயன்படுத்த விரும்புபவர் அதனை உயிரோடு கொண்டுசென்று உயிரோடு பேண வேண்டியிருந்தது. இப்பொழுது அதன் எழுத்துக்கள் போதும். களஞ்சியத்திலே அவை சேர்ந்த மறுநாளே வேறொரு கண்டத்திலுள்ள ஆய்வாளர் தமக்கு வேண்டிய பரம்பரையலகை இரசாயன முறையில் ஆக்கி, மதுவத்தினுள்ளோ வேறொரு பற்றீரியாவினுள்ளோ புகுத்தலாம். 2011 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலே, பசுவின் இரைப்பையில் வைத்த புல்லிலே பற்றி வளர்ந்த நுண்ணங்கிகளின் டீ.என்.ஏ. வாசிக்கப்பட்டது. காபோவைதரேற்றுக்களை உடைக்கக் கூடியவை எனக் கருதத்தக்க 27,755 பரம்பரையலகுகள் அதில் இனங்காணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் சொந்தக்கார உயிர்களை எவரும் தனியாக வளர்த்துப் பார்த்ததில்லை. மாடும் சாணமும் அவற்றை அள்ளும் கைகளும் தேவைப்படாத ஒரு நிலைக்கு அறிவு வந்துவிட்டது. பொருள் தன் பிறப்பிடத்தை விட்டுப் பிரிந்து எழுத்தாகிவிட்டது. பிறப்பிடத்தை மறப்பது அதனால் எளிதாகிவிட்டது.

இனி விடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம். முதலாவது விடை, வாசித்தவருக்கே சொந்தம் என்பது. இதற்கு ஒரு தத்துவப் பரம்பரை உண்டு. ஆங்கில அறிஞரான ஜோன் லொக் 1690 ஆம் ஆண்டிட்டு வெளிவந்த தமது அரசியல் நூலிலே, பொதுவாகக் கிடக்கும் இயற்கைப் பொருளோடு தன் உழைப்பைக் கலப்பவனுக்கு அது சொந்தமாகின்றது என்று வாதித்தார். உழைப்பே உரிமையின் ஊற்று என்னும் இக்கருத்து முற்போக்கானதாகத் தோன்றும். ஆயின் அவர் காட்டும் உதாரணங்களைக் கவனிக்க வேண்டும். தமது குதிரை மேய்ந்த புல்லும் தமது வேலையாள் வெட்டிய புற்கரணும் தமக்கே சொந்தமாகின்றன என்கிறார். வெட்டியவனின் உழைப்பு வேலை கொடுத்தவனின் உழைப்பாகக் கணக்கிடப்படுவதைப் பற்றி அவருக்கு ஐயமே எழவில்லை. உழைப்பின் பெயரால் தொடங்கிய வாதம் உழைத்தவனை வெளியே நிறுத்திவிட்டு முடிகின்றது.

இந்த வாதத்தின் நவீன வடிவத்தை நீதிமன்றங்களிற் காணலாம். வங்காளத்திற் பிறந்த விஞ்ஞானி ஆனந்த சக்கரவர்த்தி, ஜெனரல் எலெக்ற்றிக் கம்பனியிற் பணியாற்றியபோது எண்ணெய்க் கசிவை உண்ணக்கூடிய ஒரு பற்றீரியாவை உருவாக்கினார். 1980 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், மனிதனால் ஆக்கப்பட்ட உயிருக்கும் ஆக்கவுரிமை வழங்கலாம் என ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அன்று திறந்த கதவினூடாகப் பலர் நுழைந்தனர். 2013 இல் அதே நீதிமன்றம், இயற்கையில் உள்ளபடியான டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுத்ததனால் மட்டும் அது கண்டுபிடிப்பாகாது என்று கூறி, மனிதப் பரம்பரையலகுகள் இரண்டின்மேல் ஒரு கம்பனி கோரிய உரிமையை மறுத்தது. இது நல்ல தீர்ப்பே. ஆயினும் ஆய்வுகூடத்தில் ஆக்கப்படும் படி வடிவத்துக்கு உரிமை உண்டு என்றும் அது கூறியது. சாணத்திலுள்ள எழுத்து பொதுவாக இருக்கலாம். அதனைச் சிறிது திருத்திய எழுத்து தனியாராகலாம்.

ஆய்வாளரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவ்வுழைப்பு மட்டுமா அங்குண்டு? மாட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியவரின் உழைப்பு, எருவை அடுக்கி வெப்பமேறச் செய்தவரின் உழைப்பு, ஆய்வுகூடத்தைக் கழுவுபவரின் உழைப்பு, வரி செலுத்திப் பல்கலைக்கழகத்தை நடத்தும் மக்களின் உழைப்பு ஆகியன எங்கே? கடைசியாகக் கை வைத்தவருக்கே முழுவதும் என்பது அறமாகாது.

கடைசியாகக் கை வைத்தவர் மற்றையோரை எளிதாக விலக்கிவிடுவதற்கு உதவும் கருவியே ‘கழிவு’ என்னும் சொல். இதற்கு நமது வரலாற்றிலேயே சான்றுண்டு. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இலங்கையிலுள்ள காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத காணிகளும், வேறு உரித்து நிறுவப்படும்வரை முடிக்கே உரியவை எனக் கொண்டது. 1897 இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. ஊரவரின் மேய்ச்சலும் சேனையும் விறகும் நிகழ்ந்த நிலம், ஆங்கிலத்திலே ‘வீண் நிலம்’ எனப் பொருள்படும் சொல்லைப் பெற்றதும், கோப்பித் துரைமாருக்கு விற்கக்கூடிய நிலமாயிற்று. நிலத்துக்கு முதலிலே பெயர் மாறியது. பின்னரே கை மாறியது.

ஐரோப்பாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1842 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்திலே, இருபத்துநான்கு வயதினரான கார்ல் மார்க்ஸ் ‘றைன் பத்திரிகை’யில் ஒரு கட்டுரைத் தொடரை எழுதினார். காட்டிலே தானாக விழுந்த சுள்ளிகளைப் பொறுக்கும் ஏழைகளின் வழக்காற்றுரிமையைத் திருட்டு என ஆக்க முனைந்த சட்டத்தைப் பற்றியது அது. பொருளியற் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் திருப்பியவற்றுள் அவ்விவாதமும் ஒன்று என 1859 இல் அவர் நினைவுகூர்ந்தார். விழுந்த சுள்ளியும் செலுலோசே. அதற்குச் சந்தையில் விலை ஏற்படும்வரை அது கழிவாக இருந்தது, ஏழை பொறுக்கலாம். விலை ஏற்பட்டதும் அது சொத்தாயிற்று, ஏழை திருடனானான். சாணத்துக்கும் வைக்கோலுக்கும் இன்று விலை ஏற்படத் தொடங்கியிருக்கின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இரண்டாவது விடை, எல்லோருக்கும் சொந்தம் என்பது. இது மேன்மையான விடை. டீ.என்.ஏ.யை வாசிப்பதற்கு 1977 இல் பிரெட்ரிக் சாங்கர் வகுத்த முறை ஆக்கவுரிமையால் வேலியிடப்படவில்லை. மனித ஜீனோமை வாசிக்கும் முயற்சியிலே தனியார் கம்பனியொன்று போட்டிக்கு வந்தபோது, ஜோன் சல்ஸ்ரனும் அவருடைய தோழர்களும் மனித குலத்தின் பொதுச்சொத்து என்னும் கொள்கையைக் கைவிடாது காத்தனர். வாசித்த எழுத்துக்களை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வெளியிடல் வேண்டும் என 1996 இல் பேர்முடாவிலே எடுத்த முடிவின் பயனை உலகெங்குமுள்ள மாணவர்கள் இன்று அனுபவிக்கின்றனர். ஹங்கேற்றின் பெயரால் நடந்த கூட்டுமுயற்சி ஒன்று, அசைபோடும் விலங்குகளின் நுண்ணங்கிகள் 410 இன் ஜீனோம்களை வாசித்து 2018 இல் யாவருக்கும் திறந்துவிட்டது. நமது பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இன்றிரவே அவற்றைப் பார்க்கலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த நன்மையை வேலி போட்டு அழிக்க விரும்புபவர் அறிவின் நண்பரல்லர்.

ஆயினும் சமனற்ற ஊரிலே திறந்து கிடக்கும் களஞ்சியத்திலிருந்து யார் அதிகம் அள்ளுவார்? வண்டி வைத்திருப்பவரே. எழுத்துக்களை வாசிப்பது இலவசம். அவற்றை நொதியமாக்கும் ஆலை இலவசமன்று. உற்பத்திச் சாதனங்கள் சிலர் கையிலே இருக்கும்வரை, அறிவின் பொதுவுடைமை மட்டும் பயனின் பொதுவுடைமையாகிவிடாது.

ஓர் உதாரணம் கூறலாம். இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக்கிலே அமெரிக்க இராணுவத்தின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் உக்கிப் போயின. காரணம் தேடியபோது, சொலமன் தீவுக் கூட்டத்திற் பெறப்பட்ட ஒரு பங்கசு கிடைத்தது. அதனை ஆராய்ந்த எல்வின் றீஸ் என்பவரின் பெயரால் அது பின்னர் திரைக்கோடேர்மா றீசெயி எனப்பட்டது. சலவைத் தூளுக்கும் துணி மெருகுக்கும் எரிசாராயத்துக்கும் செலுலோசு நொதியம் தரும் தொழிற்சாலைப் பங்கசுகள் மிகப் பல அந்த ஒரே மாதிரியின் வழித்தோன்றல்கள். அதன் ஜீனோம் 2008 இல் வெளியிடப்பட்டது. அப்பெயரிலே விஞ்ஞானி உள்ளார், தீவு இல்லை. அத்தீவுகளின் மக்களுக்குப் பங்களிக்க வேண்டும் என்று கூறும் சட்டம் எதுவும் அன்று இருக்கவில்லை. எல்லோருக்கும் உரியது என்னும் மேன்மையான சொல், அங்கே எடுத்துச் செல்ல வல்லவருக்கு உரியது என்றே பொருள்பட்டது.

இக்குறையை உணர்ந்து எழுந்ததே மூன்றாவது விடை. 1992 இல் றியோ நகரில் உருவான உயிர்ப் பல்வகைமைச் சமவாயம், பரம்பரை வளங்கள்மீது அந்தந்த நாட்டு அரசுகளுக்கு இறைமை உண்டு என ஏற்றது. 2010 இல் நகோயாவில் எடுத்து 2014 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, பயனை நீதியாகப் பகிர வேண்டும் என விதித்தது. ஐக்கிய அமெரிக்கா அச்சமவாயத்தை இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை என்பது கருதத்தக்கது. ஆயின் சமவாயம் பொருளைப் பற்றிப் பேசியது. பொருளோ எழுத்தாகிப் பறந்தது. நீண்ட வாதத்தின் பின்னர், எழுத்துக்களிலிருந்து இலாபம் பெறும் பெருங் கம்பனிகள் இலாபத்தில் நூற்றுக்கு ஒன்றையோ வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒன்றையோ செலுத்த வேண்டும் என்னும் காலி நிதியம் 2025 பெப்ரவரியிலே தொடங்கப்பட்டது. அதிற் பாதியேனும் பழங்குடி மக்களுக்கும் ஊர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. செலுத்துவது கம்பனிகளின் விருப்பத்தைப் பொறுத்தது என்பது அதன் பலவீனம்.

இம்மூன்றாவது விடைக்கும் தடைகள் உண்டு. பற்றீரியாவுக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஒரே இனம் பல நாட்டு எருவிலும் வாழலாம். அரசின் இறைமை என்பது ஊரவரின் உரிமையாகிவிடாது; 1840 இல் ‘முடி’ என்று எழுதிய இடத்தில் இன்று ‘அரசு’ என்று எழுதினால் மட்டும் மேய்ப்பவனுக்கு என்ன வந்தது? ஒவ்வொரு நாடும் தன் சாணத்துக்கு வேலி போடத் தொடங்கினால், அவ்வேலியால் முதலில் வருந்துபவர் ஏழை நாடுகளின் ஆய்வாளரே. இத்தடைகள் மெய்யானவை, இவற்றை மறைத்து வாதிடுவது நேர்மையாகாது.

நமது கருத்து யாது? சொந்தம் என்ற சொல்லையே நாம் தவறாகப் பிடித்திருக்கிறோம் என்று தோன்றுகின்றது. எழுத்துக்கள் யாருக்கும் சொந்தமாக வேண்டியதில்லை. அவற்றை வாசிக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கட்டும். ஆயின் பொதுவிலிருந்து எடுப்பவருக்குப் பொதுவுக்குத் திருப்பும் கடன் உண்டு. ஊர்ப் பொதுக்குளத்தில் நீர் பாய்ச்சியவன் அதன் கட்டைத் திருத்தும் வேலைக்கும் வருதல் வேண்டும். குளம் யாருடையது என்ற வழக்கு அதற்குத் தேவையில்லை. அவ்வாறே, எழுத்திலிருந்து பெறும் இலாபத்தில் ஒரு பங்கைத் திருப்புவது விருப்பமாக இல்லாது கடப்பாடாக வேண்டும். அப்பங்கு கருவிகளாகவும் பயிற்சியாகவும், எழுத்தைப் பொருளாக்கும் ஆற்றலாகவும் வறிய நாடுகளுக்கு வந்து சேர வேண்டும்.

இதனினும் ஆழமான கடன் ஒன்று உண்டு. எக்கேள்வியை ஆராய்வது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதைப் பற்றியது அது. செலுலோசு ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் வந்தது மோட்டார் வண்டிகளுக்கு எரிசாராயம் காய்ச்சும் நோக்கத்திலே. அயோவா மாநிலத்தில் 2014 இலும் 2015 இலும் திறக்கப்பட்ட இரு பேராலைகள் சோளத் தட்டையிலிருந்து அதைக் காய்ச்ச முயன்று, சில ஆண்டுகளுள்ளே அவ்வுற்பத்தியை நிறுத்திவிட்டன. அதே அறிவுக்கு வேறு வேலைகளும் உண்டு. சாணமும் வைக்கோலும் இட்ட உயிர்வாயுக் குழியிலே மிக மந்தமாக நிகழும் கட்டம் செலுலோசு உடைவதே. அதனை விரைவுபடுத்தும் பற்றீரியாக் கூட்டம், புகையிலே கண் எரிய அடுப்பூதும் பெண்ணுக்கு விடுதலை தரலாம். காய்ந்த வைக்கோலைத் தவிர வேறு தீன் கொடுக்க வழியற்றவனின் பசு இன்னும் ஒரு போத்தல் பால் தரலாம். இவற்றால் பெருலாபம் வராது. ஆதலால் இவை பின்னுக்கு நிற்கின்றன. வாசிப்பு நடுநிலையானதாயிருக்கலாம், எதற்காக வாசிக்கிறோம் என்பது நடுநிலையானதன்று.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. கரும்பலகையிலே குளுக்கோசுச் சங்கிலியை வரையும் ஆசிரியர், மாப்பொருளுக்கும் செலுலோசுக்கும் உள்ள வேற்றுமையைக் கூறுவதோடு நின்றுவிடாது, அவ்வேற்றுமையை உடைக்கும் அறிவு யாருடைய வயிற்றை நிரப்பப் போகின்றது என்ற வினாவையும் மாணவர்முன் வைக்க வேண்டும். எருக் குவியலிலிருந்து மாதிரி எடுக்கச் செல்லும் மாணவர், அக்குவியலை அடுக்கியவரிடம் தாம் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி எடுக்க வேண்டும். கண்டதை அவர் மொழியிலே அவரிடம் திரும்பச் சென்று கூற வேண்டும். சிறு செயல்கள்தாம். ஆயின் சாணத்தைக் கழிவென்று கருதுபவர் இவற்றைச் செய்யமாட்டார். அதனை அள்ளியவரையும் கழிவெனக் கருதப் பழகிய சமுதாயத்திலே, இவற்றைச் செய்வது அறத்தின் தொடக்கமாகும்.